வேலிடிட்டி உதைக்குதா? எந்த அறிகுறிக்கு முதல்ல எங்க கை வைக்கணும்

மார்ச் ஏப்ரல் வந்துட்டா எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். எம்எஸ்சி சைக்காலஜி, எம்எட், எம்எஸ்டபிள்யூ பசங்க, எல்லாருக்கும் டெசர்ட்டேஷன் சப்மிட் பண்ண ரெண்டு வாரம்தான் இருக்கும், "அக்கா ஆல்ஃபா 0.38தான் வருது, ஸ்கேலையே மாத்திடவாக்கா"ன்னு ஒருத்தர், "கைடு வேலிடிட்டி எங்கன்னு கேக்குறாங்க, நான்தான் ரிலையபிலிட்டி போட்டிருக்கேனே, அது பத்தாதா"ன்னு இன்னொருத்தர். ஸ்கேல்னா மனசுல இருக்கறத அளக்குற கேள்வித்தாள். ஆல்ஃபாங்கிறது அதுல இருக்குற கேள்விகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகுதான்னு சொல்ற எண். ரிலையபிலிட்டின்னா அளவு மாறாம வருதாங்கிறது, வேலிடிட்டின்னா அளக்க நினைச்சதத்தான் அளக்குதாங்கிறது. பல வருஷமா வர்ற கேள்வி அஞ்சாறுதான். ஆள்தான் மாறுறாங்க. அதனால அறிகுறி வாரியா எழுதி வைக்கிறேன், உங்க பிரச்சனை எதுவோ அங்க நேரா போயிடுங்க.

புத்தகத்துல ஏற்புடைமைன்னு போட்டு அஞ்சு வகை, ஏழு வகைன்னு இருக்கும். அதெல்லாம் இங்க வேண்டாம். ஒண்ணே ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க, "இந்த ஸ்கேல் ஏற்கனவே வேலிடேட் ஆனது"ன்னு எழுதிட்டா வேலை முடியல. அது வேற ஊர்ல, வேற பாஷையில, வேற ஆளுங்ககிட்ட, வேற நோக்கத்துக்கு ஆனது. உங்க ஆளுங்க டிக் அடிச்சத வெச்சு நீங்க சொல்ற முடிவு நிக்குமாங்கிறதுதான் கேள்வி. அதுக்கு முதல்ல பாக்க வேண்டியது எஸ்பிஎஸ்எஸ்ங்கிற புள்ளியியல் மென்பொருள இல்ல, பேப்பரையும் அத ஃபில் பண்ண மனுஷங்களையும்.

தொடங்குறதுக்கு முன்னாடி உங்க டேட்டா ஷீட்ட ஒரு காப்பி எடுத்து "ஒரிஜினல், தொடாதே"ன்னு பேர் வெச்சிடுங்க. இத செய்யாம மாத்தி மாத்தி சேவ் பண்ணி, கடைசில எது உண்மையான டேட்டான்னே தெரியாம போனவங்கள பாத்திருக்கேன்.

அறிகுறி 1: ஆல்ஃபா ரொம்ப கம்மி, இல்ல மைனஸ்ல வருது

மைனஸ்ல வந்தா பயப்படாதீங்க, பெரும்பாலும் ரிவர்ஸ் ஸ்கோரிங், அதாவது மத்ததுக்கு எதிர் திசையில கேட்ட வாக்கியத்துக்கு மார்க்க தலைகீழா போடறது, விட்டுப் போயிருக்கும். பத்து கேள்வி இருக்குற பர்சீவ்டு ஸ்ட்ரெஸ் ஸ்கேல்ல 4, 5, 7, 8 நாலையும் திருப்பிப் போடணும், ரோசன்பர்க் செல்ஃப் எஸ்டீம்ல பத்துல அஞ்சு எதிர்மறை வாக்கியம். இன்னொண்ணும் நடக்கும், நீங்க ஒரு தடவை திருப்பிட்டு, ஃப்ரெண்டுகிட்ட ஷீட்ட குடுத்து, அவங்க நல்ல மனசோட இன்னொரு தடவை திருப்பியிருப்பாங்க. திருப்பினதுக்கு ஷீட்ல புதுசா ஒரு நெடுவரிசை போட்டு பேர்லயே "ரிவர்ஸ்"னு எழுதுங்க, பழைய நெடுவரிசை மேலயே எழுதாதீங்க.

அது சரியா இருந்தா அடுத்து ஒவ்வொரு கேள்விக்கும் ஃப்ரீக்வென்சி போட்டுப் பாருங்க. 0ல இருந்து 4 வரைக்கும்தான் வரணும்னா நடுவுல 5, 44, 99 இருக்கா? பதில் சொல்லாதவங்களுக்கு 99ன்னு போட்டுட்டு அத மிஸ்ஸிங்னு மென்பொருளுக்குச் சொல்ல மறந்திருப்பீங்க, அப்ப 99ம் ஒரு மார்க்காவே கணக்குல போயிடும். கூகுள் ஃபார்ம்ல வாங்கின டேட்டான்னா "அடிக்கடி", "எப்போதாவது" மாதிரி வார்த்தைகள நம்பரா மாத்தும்போது ஒண்ணு இடம் மாறி உக்காந்திருக்கலாம்.

அதுவும் சரின்னா, சப் ஸ்கேல் (ஒரே ஸ்கேலுக்குள்ள தனித்தனி விஷயத்த அளக்குற பகுதி) எல்லாத்தையும் ஒண்ணா கொட்டி ஒரே ஆல்ஃபா போட்டீங்களான்னு பாருங்க. மேனுவல்ல தனித்தனியா போடச் சொல்லியிருந்தா தனித்தனியாத்தான் போடணும்.

இதெல்லாம் தாண்டியும் கம்மியா இருந்தா ஐட்டம் டோட்டல் கோரிலேஷன், அதாவது ஒவ்வொரு வாக்கியமும் மொத்த மார்க்கோட எவ்வளவு சேந்து போகுதுன்னு பாருங்க. எந்த வாக்கியம் மத்ததோட ஒட்டல, இல்ல எதிர் திசையில போகுது? ரோசன்பர்க்ல எட்டாவது வாக்கியம் இதுக்குப் பேர் போனது, தன் மேல தனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்தா நல்லாருக்கும்னு அர்த்தம் வர்ற வாக்கியம். எழுதினவர் அத தன்மதிப்பு குறைவுக்கு அடையாளமா வெச்சார், நம்ம ஆளுங்க படிச்சா "ஆமா, மரியாதை கூடினா நல்லதுதானே"ன்னு சந்தோஷமா ஒத்துக்கறாங்க. இது நம்ம ஊர்ல மட்டும் இல்ல, 2005ல 53 நாட்டு டேட்டாவ வெச்சு ஷ்மிட், அலிக் ரெண்டு பேரும் வெளியிட்ட ஆய்வுலயும் எதிர்மறை வாக்கியங்களுக்கு எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி பதில் வரலன்னுதான் வந்துச்சு.

யார கூப்பிடணும்: ஒட்டாத வாக்கியம் ஒண்ணுன்னா கைடுகிட்ட சொல்லி, வெச்சும் எடுத்தும் ரெண்டு விதமாவும் ரிசல்ட் போடுங்க, எடுத்தத மறைக்காம எழுதுங்க. மூணு நாலு வாக்கியம் ஒட்டலன்னா அது உங்க கைய மீறின விஷயம், ஃபேக்டர் அனாலிசிஸ் (எந்தெந்த வாக்கியம் ஒரே கூட்டமா சேருதுன்னு பாக்குற கணக்கு) தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட போங்க. ஆல்ஃபா 0.70 வர்ற வரைக்கும் ஒவ்வொரு கேள்வியா தூக்கிட்டே போறது மட்டும் வேண்டாம், கடைசில மிஞ்சுற நாலு கேள்வி எத அளக்குதுன்னு யாருக்கும் தெரியாது.

அறிகுறி 2: ஆல்ஃபா 0.93, ஆனா "வேலிடிட்டி எங்க"ன்னு கேக்குறாங்க

அவங்க கேக்குறது நியாயமான கேள்வி. அஞ்சு கிலோ எடைக்கல்லு எப்ப வெச்சாலும் ஆறு கிலோ காட்டுற தராசு மாறாம காட்டுது, ஆனா தப்பா காட்டுது. உயர்ந்த ஆல்ஃபா உங்க வாக்கியமெல்லாம் ஒண்ணுக்கொண்ணு கூடிப் போகுதுன்னு மட்டும்தான் சொல்லும், எத அளக்குதுன்னு சொல்லாது.

முதல்ல வாக்கியங்கள வாய்விட்டுப் படிங்க. "எனக்கு கவலையா இருக்கு", "நான் கவலையோட இருக்கேன்", "கவலை என்ன வாட்டுது", இப்படி ஒரே விஷயத்தையே சொல்லியிருந்தா ஆல்ஃபா ஏறத்தான் செய்யும். அடுத்து யாராவது முதல் கேள்வில இருந்து கடைசி வரைக்கும் ஒரே நெடுவரிசைல நேர்கோடா டிக் அடிச்சிருக்காங்களா பாருங்க, ரிவர்ஸ் வாக்கியம் இல்லாத ஸ்கேல்ல இவங்களும் ஆல்ஃபாவ ஏத்திவிடுவாங்க. வகுப்புல "ஃபில் பண்ணிக் குடுத்தாத்தான் வெளிய போகலாம்"னு சொல்லி வாங்கின டேட்டாவுல இது நிறைய இருக்கும்.

இது ரெண்டும் இல்லன்னா கொஞ்சம் செலவு உண்டு. உங்க ஸ்கேலோட சேத்து இன்னும் ரெண்டு ஸ்கேல் குடுக்கணும், ஒண்ணு அதே விஷயத்த அளக்குறது, இன்னொண்ணு வேற விஷயத்த அளக்குறது. முதலாவதோட நல்லா சேந்து போகணும், ரெண்டாவதோட விலகி நிக்கணும். 1959லயே கேம்ப்பெல், ஃபிஸ்க் ரெண்டு பேரும் இத ஒரு அட்டவணையா போட்டுக் காட்டினாங்க. நம்ம பசங்க சேந்து போறத மட்டும் போட்டுட்டு விலகி நிக்கிறத விட்டுடறாங்க, கோளாறு இருக்கறது பெரும்பாலும் அங்கதான். விடாமுயற்சிய அளக்குற "கிரிட்"னு ஒரு ஸ்கேல் ரொம்ப பிரபலமாச்சு, 2017ல பல ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்தா அது கான்ஷியன்ஷியஸ்னஸ் (பொறுப்பா, ஒழுங்கா நடந்துக்கறது)ங்கிற பழைய பண்போட 0.84 அளவுக்கு ஒட்டியிருக்கு. அப்ப பேர் ரெண்டு, சரக்கு ஒண்ணா? உங்க ஸ்கேலுக்கும் இதே கேள்விய கேளுங்க.

யார கூப்பிடணும்: புது ஸ்கேல் நீங்களே செஞ்சிருந்தா, டேட்டா வாங்குறதுக்கு முன்னாடியே கைடையும் சைக்கோமெட்ரிக்ஸ், அதாவது மனச அளக்குற முறை தெரிஞ்ச ஒரு ஆளையும் உக்கார வெச்சுப் பேசிடுங்க. வாங்கின பிறகு வந்தா அவங்களும் ஒண்ணும் பண்ண முடியாது.

அறிகுறி 3: தமிழ் பேப்பர்ல ஆளுங்க முழிக்கிறாங்க, காலியா விடுறாங்க, இல்ல நடுவுல இருக்கறதயே டிக் அடிக்கிறாங்க

எனக்கு ரொம்ப மனசு கெடுக்குற அறிகுறி இதுதான், ஏன்னா தப்பு முழுக்க நம்ம பக்கம், ஆனா ரிசல்ட்ல அவங்களுக்கு ஏதோ கோளாறுன்னு எழுதிடுவோம்.

எளிமையான காரணம் பாஷை. செந்தமிழ்ல எழுதியிருப்பீங்க, "கடந்த இரு வாரங்களில் செயல்களில் ஈடுபாடு குன்றியதை உணர்ந்தீர்களா"ன்னு ஒரு நூறு நாள் வேலைக்குப் போற அம்மாகிட்ட கேட்டா அவங்க என்ன சொல்வாங்க? ஒரு தடவை ஒரு பொண்ணு கொண்டு வந்த பேப்பர்ல ஸ்ட்ரெஸ்ஸுக்கும் "மன அழுத்தம்", டிப்ரஷனுக்கும் "மன அழுத்தம்"னே இருந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல கோரிலேஷன் வானத்துக்கு ஏறியிருக்கு, அவளுக்கு ஒரே சந்தோஷம். பத்திரிகைலயும் டிவிலயும் ரெண்டுக்கும் அதே வார்த்தையத்தான் மாத்தி மாத்தி போடுறாங்க, அதனால டிப்ரஷனுக்கு மனச்சோர்வுன்னு தனியா போட்டா மட்டும் போதாது, உங்க ஆளுங்க மனச்சோர்வுன்னா என்னன்னு நினைக்கிறாங்கன்னும் கேக்கணும், சில பேருக்கு அது வெறும் அசதி.

ரெண்டாவது, ஒரே கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி. டிப்ரஷன் அறிகுறிய அளக்குற ஒன்பது கேள்வி ஸ்கேலான பிஎச்க்யூ 9ல தூக்கம் வரலையா இல்ல அதிகமா தூங்குறீங்களான்னு ஒரே வரில இருக்கு. பேப்பர்ல படிக்கிறவங்க சமாளிச்சிடுவாங்க, நீங்க வாய்மொழியா கேட்டா பாதிப் பேர் கடைசியா காதுல விழுந்ததுக்கு மட்டும் பதில் சொல்லுவாங்க. வேலிடேட் ஆன தமிழ் வடிவம் இருக்கான்னு முதல்ல தேடுங்க, நீங்களே புதுசா மொழிபெயர்க்கறது கடைசி வழி.

மொழிபெயர்த்துட்டீங்கன்னா பேக் டிரான்ஸ்லேஷன் பண்ணச் சொல்லுவாங்க, 1970ல பிரிஸ்லின் சொன்ன முறை, தமிழ்ல போட்டத இங்கிலீஷ் ஒரிஜினல பாக்காத இன்னொருத்தர் திரும்ப இங்கிலீஷ்ல போடணும். நல்லதுதான், ஆனா அதோட நிறுத்தினா ஏமாந்து போவீங்க. வார்த்தைக்கு வார்த்தை போட்ட தமிழ்தான் இங்கிலீஷுக்கு ரொம்ப அழகா திரும்பிப் போகும், சோகமா இருக்கறத இங்கிலீஷ்ல "ஃபீலிங் ப்ளூ"ம்பாங்க, அத "நீலமாக உணர்ந்தேன்"னு எழுதினாலும் பேக் டிரான்ஸ்லேஷன்ல கச்சிதமா வந்து நிக்கும், தமிழ்ல அதுக்கு அர்த்தமே கிடையாது!

அதனால நான் எல்லாருக்கும் சொல்றது, ஸ்டடில வரப்போற மாதிரி ஆளுங்க அஞ்சிலிருந்து எட்டு பேர பிடிங்க, ஒவ்வொரு கேள்வியும் படிச்சிட்டு "இது என்ன கேக்குதுன்னு உங்க வார்த்தைல சொல்லுங்க"ன்னு கேளுங்க, அப்புறம் "ஏன் இந்த பதில போட்டீங்க"ன்னு கேளுங்க. ரெண்டு சாயங்காலம் போதும், டீ செலவுதான். இந்த ஒரு வேலைய செஞ்ச பசங்க பெரும்பாலும் ஏப்ரல்ல எனக்கு போன் பண்றதில்ல.

ஒவ்வொரு வாக்கியமும் அவசியமான்னு நிபுணர் கருத்து வாங்கினா கணக்கு இப்படி. லாஷே 1975ல குடுத்த ஃபார்முலா, ஒரு வாக்கியம் அவசியம்னு சொன்னவங்க எண்ணிக்கைல இருந்து மொத்த ஆளுல பாதிய கழிச்சு, அந்த பாதியாலயே வகுக்கணும். பத்து நிபுணர்ல 8 பேர் அவசியம்னா 3ஐ 5ஆல வகுத்து 0.60. பத்து பேருக்கு அவர் போட்ட குறைந்தபட்சம் 0.62, அதனால எட்டு பேர் ஒத்துக்கிட்டும் அந்த வாக்கியம் தேறாது, 9 பேர் வேணும். "பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்டனர்"னு எழுதி விடாதீங்க, நம்பர போடுங்க.

யார கூப்பிடணும்: டெஸ்ட்டோட உரிமை யார்கிட்ட இருக்கோ அவங்ககிட்ட அனுமதி, இது மொழிபெயர்க்கறதுக்கு முன்னாடி. ஆளுங்க சொல்ற அர்த்தமும் ஸ்கேல் நினைக்கிற அர்த்தமும் பல வாக்கியத்துல வேற வேறன்னா, அந்த சமூகத்துல வேலை செஞ்ச ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்ட போங்க.

அறிகுறி 4: பயிற்சி குடுத்தேன், மார்க் மாறிடுச்சு, ஆனா கன்ட்ரோல் குரூப் (பயிற்சி குடுக்காம ஒப்பிட்டுப் பாக்குற கூட்டம்) இல்ல

ஒரு தம்பி பிளஸ் டூ பசங்களுக்கு மூச்சுப் பயிற்சி குடுத்தான். பிப்ரவரில ப்ரீ டெஸ்ட், ஏப்ரல்ல போஸ்ட் டெஸ்ட், ஸ்ட்ரெஸ் சர்ருனு இறங்கியிருக்கு, பி வேல்யூ 0.001, அதாவது தற்செயலா மட்டும் இவ்வளவு மாற்றம் வர்றது ரொம்ப அபூர்வம். நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேட்டேன், பப்ளிக் எக்ஸாம் முடிஞ்சிருச்சுக்கான்னு சொன்னான். சொல்லும்போதே அவனுக்குப் புரிஞ்சிருச்சு, முகம் வாடிப்போச்சு. ஆறு மாச உழைப்பு. அவன் கல்லூரில டிசைன் அப்ரூவ் பண்ணும்போது இத ஒருத்தர் கேட்டிருந்தா போதும், யாரும் கேக்கல.

அதனால முதல் செக், காலண்டர். ரெண்டு டெஸ்டுக்கும் நடுவுல எக்ஸாம், பண்டிகை லீவு, ரிசல்ட், வெள்ளம், ஊர்ல ஏதாவது சம்பவம், எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க.

ரெண்டாவது, எத்தனை பேர் ஆரம்பிச்சாங்க, எத்தனை பேர் முடிச்சாங்க. 40ல 26 பேர்தான் கடைசி வரைக்கும் வந்தாங்கன்னா போன 14 பேரோட ப்ரீ டெஸ்ட் மார்க்க தனியா எடுத்துப் பாருங்க. ரொம்ப கஷ்டத்துல இருந்தவங்கதான் விட்டுட்டுப் போயிருந்தா மிச்சம் இருக்கறவங்க சராசரி தானாவே நல்லா தெரியும்.

மூணாவது, எப்படி ஆள் எடுத்தீங்க? "ஸ்கிரீனிங் பண்ணி அதிக ஸ்ட்ரெஸ் இருக்கறவங்கள மட்டும் எடுத்தேன்"னா இந்தக் கணக்க போட்டே ஆகணும். மொத்த பசங்க சராசரி 20னு வைங்க, நீங்க எடுத்தவங்க சராசரி 30, ஸ்கேலோட டெஸ்ட் ரீடெஸ்ட் (அதே ஆளுங்களுக்கு திரும்ப வெச்சா மார்க் எவ்வளவு ஒத்துப்போகுதுங்கிற எண்) 0.7. ஒண்ணுமே செய்யாம திரும்ப டெஸ்ட் வெச்சாலும் அவங்க சராசரி 20 கூட்டல் 10ல 0.7, அதாவது 27 பக்கம் வரும்னு எதிர்பாக்கணும். மூணு பாயிண்ட் சும்மாவே இறங்கும். கால்டன் 1886லயே அப்பா அம்மா உயரத்தயும் பிள்ளைங்க உயரத்தயும் வெச்சு காட்டின விஷயம் இது. உங்க பயிற்சில இறங்கினது நாலு பாயிண்ட்னா உங்களுக்குச் சேர வேண்டியது ஒண்ணுதான்.

நாலாவது, பயிற்சி குடுத்ததும் நீங்க, பேப்பர் குடுத்ததும் நீங்க, பக்கத்துல நின்னு சிரிச்சிட்டே வாங்கினதும் நீங்களா? பசங்க உங்களுக்காக நல்லா போடுவாங்க, அதுல பொய் எதுவும் இல்ல, பாசம். ஆர்ன் 1962ல இதப்பத்தி எழுதினார், கலந்துக்கறவங்க ஆய்வாளர் என்ன எதிர்பாக்கறார்னு ஊகிச்சு அதுக்கு ஏத்த மாதிரி நடந்துக்குவாங்கன்னு. உங்க பக்கமும் சாயும், 1963ல ரோசன்தால், ஃபோட் ரெண்டு பேரும் சாதாரண எலிகளயே குடுத்து சில மாணவர்கள்கிட்ட இது கெட்டிக்கார எலி, சிலர்கிட்ட இது மந்த எலின்னு சொல்லிவிட்டாங்க, கெட்டிக்கார எலின்னு நம்பினவங்களோட எலிதான் நல்லா ஓடினதா வந்துச்சு. சரிபண்ற வழி சுலபம், போஸ்ட் டெஸ்ட்ட வேற ஒருத்தர் நடத்தட்டும், யாருக்கு பயிற்சி குடுத்ததுன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாம்.

கன்ட்ரோல் குரூப்புக்கு ஸ்கூல்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்கன்னா வெயிட்லிஸ்ட்னு கேளுங்க, பாதிப் பசங்களுக்கு இப்ப, மீதிப் பேருக்கு போஸ்ட் டெஸ்ட் முடிஞ்சதும். எல்லாருக்கும் பயிற்சி கிடைக்கும்னு தெரிஞ்சா பெரும்பாலான ஹெட்மாஸ்டர்கள் சரின்னுடுவாங்க. சீட்டு குலுக்கித்தான் பிரிக்கணும், ஏ செக்‌ஷன் பி செக்‌ஷன்னு பிரிச்சா அது மார்க் வாரியா பிரிச்ச செக்‌ஷனா இருக்கும்.

யார கூப்பிடணும்: டேட்டா முடிஞ்சு கன்ட்ரோல் இல்லன்னா எந்த புள்ளியியல் ஆளாலயும் அத உருவாக்கித் தர முடியாது. "பயிற்சியால் குறைந்தது"ங்கிறத "பயிற்சிக்குப் பிறகு குறைந்திருந்தது"ன்னு மாத்தி, மேல சொன்ன காரணங்கள லிமிட்டேஷன்ல பேரோட எழுதுங்க.

அறிகுறி 5: இருக்க வேண்டிய கோரிலேஷன் காணோம், இல்ல நம்ப முடியாத அளவுக்கு இருக்கு

காணோம்னா ஸ்கேட்டர் பிளாட் போடுங்க, ஒவ்வொரு ஆளோட ரெண்டு மார்க்கயும் ஒரு புள்ளியா வெக்கிற படம். ஒரே ஒரு தப்பு என்ட்ரி மொத்தத்தயும் சாய்ச்சிருக்கலாம், இல்ல வளைஞ்ச உறவா இருக்கலாம். அடுத்தது ஆள் தேர்வு, டாப் ரேங்க் வாங்கின பசங்கள மட்டும் வெச்சு புத்திசாலித்தனத்துக்கும் மார்க்குக்கும் உறவு தேடினா கிடைக்காது, எல்லாரும் ஒரே உயரத்துல நிக்கிறாங்க. மூணாவது ஸ்கேலோட ரிலையபிலிட்டி. ஒண்ணுக்கு 0.70, இன்னொண்ணுக்கு 0.60ன்னா ரெண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 0.65, நிஜத்துல முழு உறவே இருந்தாலும் நீங்க எதிர்பாக்கக் கூடியது அவ்வளவுதான்.

அதிகமா இருந்தா ரெண்டு ஸ்கேல்லயும் ஒரே மாதிரி வாக்கியம் இருக்கா பாருங்க. அப்புறம் எல்லாத்தயும் ஒரே ஆள், ஒரே நாள், ஒரே ஃபார்ம்ல, ஒரே மூட்ல ஃபில் பண்ணியிருக்காரா? அந்த மூடே உங்க கோரிலேஷனா இருக்கலாம். முடிஞ்சா ஒரு விஷயத்தயாவது வேற வழில எடுங்க, வருகைப் பதிவேடு, டீச்சர் ரேட்டிங், மார்க் ஷீட்.

அறிகுறி 6: வைவால "இது யாருக்குப் பொருந்தும்"னு கேக்குறாங்க

உங்க டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல லிங்க் போட்டு வாங்கின 120 பேர வெச்சு "தமிழ்நாட்டு இளைஞர்கள்"னு தலைப்பு வெச்சா கேக்கத்தான் செய்வாங்க. காசில்லாத வழி, தலைப்ப சுருக்குங்க. "ஒரு நகரக் கல்லூரியின் முதுகலை மாணவிகள்"னு உள்ளத எழுதினா கேள்வி பாதி அடங்கிடும். பெரிய பெரிய ஆய்வுகளுக்கே இது நடந்திருக்கு. உடனே சாப்பிடாம, கூட ஒண்ணு கிடைக்கும்னு மிட்டாய்க்காக காத்திருந்த குழந்தைங்க பின்னாடி நல்லா வந்தாங்கன்னு ஸ்டான்ஃபோர்ட் வளாகத்து நர்சரி குழந்தைங்கள வெச்சு சொன்னாங்க, 2018ல பலதரப்பட்ட குடும்பத்துல இருந்து ஏறக்குறைய 900 குழந்தைங்கள எடுத்து குடும்பப் பின்னணியயும் கணக்குல சேத்துப் பாத்தப்ப அந்த உறவு ரொம்பவே சுருங்கிடுச்சு.

அறிகுறி 7: பாதிப் பேருக்கு டிப்ரஷன்னு வருது

இத அவசரப்பட்டு தலைப்பா போட்டுடாதீங்க. பிஎச்க்யூ 9ல 10ங்கிற கட் ஆஃப் 2001ல அமெரிக்க கிளினிக்குகள்ல 580 பேர மனநல நிபுணர் நேர்காணலோட ஒப்பிட்டு சோதிச்சது. அது கேக்குறது கடைசி ரெண்டு வாரத்தப் பத்தி மட்டும். உங்க ஆளுங்க எக்ஸாம் வாரத்துல ஃபில் பண்ணாங்களா? தூக்கம், அசதி, பசி, கவனம், இந்த நாலுலயும் தினமும்னு போட்டாலே ஒண்ணுக்கு 3 வீதம் 12 வந்துடும், மனசு கெட்டுப் போயிருக்கணும்னே இல்ல. நாலையும் தனியா எடுத்துப் பாருங்க, முதல் ரெண்டு கேள்வில, அதாவது ஆர்வம் போயிடுச்சா, மனசு சோர்ந்திருக்காங்கிறதுல, எத்தனை பேர் உயரமா இருக்காங்கன்னு பாருங்க. ரிப்போர்ட்ல "டிப்ரஷன் உள்ளவர்கள்"னு எழுதாம "கட் ஆஃபுக்கு மேல் உள்ளவர்கள்"னு எழுதுங்க.

ஆனா ஒரு கேள்விக்கு இந்த விளக்கமெல்லாம் செல்லாது. ஒன்பதாவது கேள்வி சாவு பத்தினது, அதுல ஒருத்தர் 0 தவிர எது போட்டிருந்தாலும் எக்ஸாம் வாரம்தானே, ட்ரான்ஸ்லேஷன் தப்பா இருக்கும்னு தள்ளிவிடாதீங்க. பேப்பர் கைக்கு வந்த அன்னைக்கே அந்தக் கேள்விய மட்டும் பாத்துடுங்க, எஸ்பிஎஸ்எஸ்ல ஏத்துற வரைக்கும் கட்டி வைக்காதீங்க. யாருன்னே தெரியாத மாதிரி டேட்டா வாங்கினா ஃபார்ம் கடைசிலயே உதவி எண்ண போடணும், இந்தியாவுல டெலி மானஸ் 14416, தமிழ்லயும் பேசலாம், காசு கிடையாது. யாருன்னு தெரிஞ்சா உடனே கைடுக்கு போன் பண்ணி, ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இல்ல சைக்கியாட்ரிஸ்ட் அந்தப் பையனோடவோ பொண்ணோடவோ அன்னைக்கே பேசுற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க. அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் டெசர்ட்டேஷன் காத்திருக்கட்டும்.